மணமும் மனமும்

ஐம்புலன்களுள் மூக்குக்கு மனிதன் அளித்துள்ள மதிப்பு மிகச் சிறிது. கண்ணிழந்தோர்க்கு இரங்கும் உலகம், மணமறியும் ஆற்றலை இழந்தோரைப் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. எனினும், மனிதனை அவன் அறியாமலே இயக்குவதில் மூக்குக்கு நிகரான புலன் அரிது.

மாலையில் வெள்ளவத்தைக் காலி வீதி வழியே நடந்து செல்பவனைக் கவனித்தால் இவ்வுண்மை புலப்படும். சைவக் கடையிலிருந்து எழும் நெய்த்தோசையின் மணம் அவன் நடையைத் தளர்த்துகின்றது. பசித்திருந்தால் கால்கள் தாமாகவே உள்ளே திரும்புகின்றன. வயிறு நிறைந்திருந்தாலோ அதே மணம் அவனை அசைப்பதில்லை. பசிவேளையில் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோன் மணமறியும் திறனைக் கூர்மையாக்குகின்றது. ஓர் உணவை வயிறார உண்டபின், அதன் மணத்துக்கு விழிக்குழிகளின் மேலமைந்த முன்மூளைப் பகுதி காட்டும் துலங்கல் தணிந்துவிடுகின்றது.

ஏனைய புலன்களின் செய்திகள் தலமஸ் என்னும் வாயிலைக் கடந்தே மூளையின் புறணியை அடைகின்றன. மணச் செய்தியோ அவ்வாயிலிற் காத்திராது, நுகர்ச்சிக் குமிழிலிருந்து அச்சத்தோடும் ஆசையோடும் தொடர்புடைய அமிக்டலாவை நேரே சென்றடைகின்றது. ஆதலின், இன்ன மணம் என்று பெயர் சொல்லுமுன்னரே விருப்போ வெறுப்போ தோன்றிவிடுகின்றது. மணங்களை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் ஆகிய இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் இவ்வேற்பிகள் ஏறத்தாழ 400 வகை உள.

ஏற்பிகள் பெரும்பாலும் எல்லோர்க்கும் பொதுவானவை. மணத்தின் பொருளை அவரவர் வாழ்வே கற்பிக்கின்றது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, பொன்னம்பலவாணேசர் கோயிலின் கற்பூர மணம் ஒருவரைக் கைகூப்பச் செய்கின்றது. அயலிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்தின் மெழுகுதிரி மணம் இன்னொருவரை முழந்தாளிடச் செய்கின்றது.

1983 யூலையில் வெள்ளவத்தையிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்நாளிற் புகைநடுவே உயிர் தப்பிய ஒருவருக்கு, அயல்வீட்டார் குப்பை கொளுத்தும் மணமே நெஞ்சைப் படபடக்கச் செய்யப் போதுமானதாகலாம். ஆபத்து இல்லையென்று அறிவு உணர்த்துமுன் அவர் கண்கள் வாயிற்கதவைத் தேடும். அவரைக் கோழை என எள்ளுதல் தகாது. உயிர்காக்க மூளை கற்ற பாடம் அது.

இத்தகைய அச்சம் எளிதில் அழிவதில்லை என்பது உளவியலார் முடிபு. தீங்கின்றி மீண்டும் மீண்டும் அம்மணத்தை எதிர்கொள்ளும்போது, பழைய பாடத்தின் மீது புதியதொரு பாடம் எழுதப்படுகின்றது. அதனை எழுதி முடிக்க அச்சமற்ற ஆண்டுகள் பல வேண்டும். அவ்வாண்டுகளை அவருக்கு அளிக்கும் கடமை அவரைச் சூழ்ந்துள்ள சமூகத்துக்கே உரியது.