ஸ்ட்ராண்டு வீதியில் ஒரு சதுரங்க க்ஷேத்திரம்

லண்டன் மாநகரத்து ஸ்ட்ராண்டு வீதியில் ஸவாய் நாடகசாலை இருக்கிறது. 1881-ல் திறக்கப்பட்ட நாளிலேயே மின்சார விளக்கைக் கண்ட அரங்கு என்று அதற்குப் புகழ் உண்டு. சதுரங்கப் பித்தர்களாகிய நமக்கோ அது ஒரு க்ஷேத்திரமே. 1851-ல் ஆண்டர்ஸன் தம் 'அமர ஆட்டம்' ஆடிய ஸிம்ப்ஸன் விடுதியும் அதே வீதியில்தான் இருந்தது.

1993-ல் உலகப் பட்டத்துக்காகக் காஸ்பரோவும் ஷார்ட்டும் ஸவாயில் மோதினார்கள். காஸ்பரோவ் 12½–7½ என்று வென்றார். அந்தப் போட்டியைச் சானல் 4 டெலிவிஷனில் வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

அதற்கு முன்பே, 1970-களின் பிற்பாதியில், பி.பி.சி.யார் 'மாஸ்டர் கேம்' என்ற நிகழ்ச்சியை நடத்தி வந்தார்கள். ஆட்டம் முடிந்த பின் ஆட்டக்காரர்களை அழைத்து, ஒவ்வொரு காயையும் நகர்த்தியபோது மனத்தில் ஓடியவற்றை, அக்கணமே சிந்திப்பதுபோல் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். மேதையின் நெஞ்சிலும் சந்தேகம் உண்டு, பயம் உண்டு என்பதை அன்று நேயர்கள் காதாரக் கேட்டார்கள்.

இன்றோ, கம்ப்யூட்டர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உடனே மதிப்புப் போட்டுவிடுகிறது. யார் கை ஓங்கியிருக்கிறது என்பது குழந்தைக்கும் தெரிகிறது. ஆனால், 'ஏன்?' என்று கூடவே யோசித்துத் தவிக்கும் சுகம் குறைந்துவிட்டது. பாரத நாடு உலகுக்கு அளித்த இவ்விளையாட்டுக்கு உயிர் விடையில் இல்லை, யோசனையில் இருக்கிறது. லண்டன் செல்லும் நேயர்கள் ஸவாயின் வாசலில் ஒரு நிமிஷம் நின்று அதை நினைத்துக் கொள்ளலாம்.