பிந்தி வந்தவன்

என் மேசையின்மேல் மூன்று கட்டுகள் இருக்கின்றன. முதலாவது, பத்து ஆண்டுகளாக எழுதியும் அடித்தும் வருகின்ற ஒரு நாவல். பதினோராம் அதிகாரத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது, சிறுவர்க்கென்று தொடங்கிய கதைகள். ஏழு முடிந்தன, ஐந்து முடியவில்லை. மூன்றாவது கட்டில் ஒரே ஒரு சிறுகதையின் படி மட்டும் உள்ளது. அதன் மூலத்தை இவ்வாண்டுத் தவக்காலத் தொடக்கத்தில் ஓர் இதழாசிரியருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய கருத்துக்காகக் காத்திருந்தேன்.

செல்பேசியில் நொடிப்பொழுதில் செய்தி பறக்கும் இந்நாளிலும் அவர் கடிதம் எழுதும் வழக்கமுடையவர். படித்துவிட்டு எழுதுவார்; படிக்காமல் எழுதமாட்டார். எனவே நாள்தோறும் பதினொரு மணியளவில், தபால்காரரின் மிதிவண்டி மணியோசைக்கு என் காது காத்துக் கிடந்தது. பங்கு மக்கள் திருமணப் பதிவுக்கும் திருமுழுக்குச் சான்றிதழுக்கும் வந்து அமர்ந்திருப்பார்கள். என் கண் வாயிற்பக்கம் போகும். நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும்போதுகூட, கதையின் மூன்றாம் பத்தியை அவர் எப்படி வாசித்திருப்பார் என்ற எண்ணம் எழும். நம் முன்னோர் இதற்குப் 'பராக்கு' என்று பெயரிட்டனர். செபத்தில் வந்த பராக்குகளை மற்றவர்களுக்கு மன்னித்தே பழகிய எனக்கு, என்னுடையது இத்துணைப் பிடிவாதமானது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்நாள்களில் தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். குருமட நாள்களில் இறையியல் நூல்களுக்கு நடுவே மறைத்து வைத்துப் படித்த எழுத்தாளர் அவர். 1864ஆம் ஆண்டு மனைவியையும் உடன்பிறந்த அண்ணனையும் அடுத்தடுத்து இழந்தார். அண்ணன் விட்டுச்சென்ற கடன்களையும் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். கடன்காரர்கள் நெருக்கவே, 1865இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரோடு 3000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார். பழைய நூல்களை வெளியிடும் உரிமையோடு, 1866 நவம்பர் முதல் நாளுக்குள் ஒரு புதிய நாவலையும் தரவேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் ஒரு காசும் கொடாமல் அச்சிட்டுக்கொள்ளலாம்!

அதே வேளையில் 'குற்றமும் தண்டனையும்' அவர் கையில் வளர்ந்துகொண்டிருந்தது. பெரும்பகுதி எழுதிய பின் அது பிடிக்காமல், 1865ஆம் ஆண்டின் இறுதியில் அத்தனையையும் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தார். 1866 ஜனவரி முதல் அது 'ரஷ்யத் தூதன்' என்ற மாத இதழில் தொடராக வெளிவந்தது. அவ்வாண்டுக் கோடையில் அப்போது மாஸ்கோவுக்கு அருகிலிருந்த லியூப்லினோ என்னும் ஊரில் தங்கி, காலையில் ஒரு நாவல், மாலையில் மற்றொரு நாவல் என்று எழுதத் திட்டமிட்டார். திட்டம் நல்லதுதான், ஆனால் அக்டோபர் பிறந்தபோதும் இரண்டாவது நாவலில் ஒரு பக்கமும் எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னர் அன்னா ஸ்நித்கினா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்மணியின் துணையோடு 26 நாள்களில் 'சூதாடி' நாவலைச் சொல்லி முடித்ததும், பதிப்பாளர் ஊரில் இல்லாமையால் காவல் அலுவலரிடம் அதை ஒப்படைத்துச் சான்று பெற்றதும், அடுத்த ஆண்டு அப்பெண்ணையே மணந்ததும் பலரும் அறிந்த வரலாறு.

என் உள்ளத்தைத் தொட்டது அந்தப் பரபரப்பன்று. அதே கோடையில் நிகழ்ந்த மற்றொன்று. 'குற்றமும் தண்டனையும்' நான்காம் பாகத்தில் ஓர் அதிகாரம் உண்டு. இரு பெண்களைக் கொன்ற ரஸ்கோல்னிகோவ், குடும்பத்தின் பசிக்காகத் தன்னையே விற்ற சோனியாவின் அறைக்கு வருகிறான். யோவான் நற்செய்தியிலிருந்து இலாசர் உயிர்பெற்றெழுந்த பகுதியை வாசிக்கச் சொல்கிறான். அவள் கையிலிருந்த புதிய ஏற்பாடோ, கொலையுண்ட இருவருள் ஒருத்தி கொடுத்தது. எரிந்து முடியும் மெழுகுதிரியின் வெளிச்சத்தில் அவள் வாசிக்கிறாள்.

இந்த அதிகாரத்தை இதழாசிரியர் காட்கோவும் அவருக்குத் துணையாயிருந்த லியூபிமோவும் ஏற்க மறுத்தனர். ஒழுக்கத்திற்கு மாறான சாயல் அதில் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. தஸ்தயேவ்ஸ்கி வாதாடிப் பார்த்தார்; பயனில்லை. நன்மையும் தீமையும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரிந்து நிற்குமாறு திருத்தி எழுதிக் கொடுத்தார். மூன்று புதிய அதிகாரங்களுக்கான உழைப்பை அது உறிஞ்சியது என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். முதலில் எழுதிய வடிவம் நமக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது என் சீற்றம் முழுவதும் அந்த இதழாசிரியர்கள்மேல் பாய்ந்தது. என் கதையிலும் ஒருவர் இப்படிக் கைவைப்பாரோ என்ற அச்சமும் எழுந்தது. அதே வாரம், தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிற்றுக்குரிய நற்செய்தி, இலாசர் பகுதியாகவே அமைந்தது. வழக்கம்போல் மறையுரை ஆற்றினேன். நண்பன் நோயுற்றான் என்று கேள்விப்பட்ட பின்னும் ஆண்டவர் இரண்டு நாள் தாமதித்ததையும், கல்லறையில் நான்கு நாள் கழிந்த பிறகே வந்து சேர்ந்ததையும், நீர் இங்கே இருந்திருந்தால் என்று மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே மனத்தாங்கலோடு முறையிட்டதையும் எடுத்துரைத்தேன். உரைத்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு ஒரு கணம் தடைப்பட்டது. ஏனென்று அப்போது ஆராய விரும்பவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம் கடிதம் வந்தது. உபதேசியார் கொண்டுவந்து கொடுத்தார். நடுங்கும் விரல்களால் பிரித்தேன். அரைப்பக்கந்தான் இருந்தது. கதையின் நடையைப் பாராட்டியிருந்தார்; கிளைப் பங்கின் வழி, பனங்காடு, மழையிரவு எல்லாம் கண்முன் நிற்கின்றன என்றிருந்தார். பிறகு ஒரே ஒரு குறை: இறக்கும் தறுவாயிலுள்ள மூதாட்டியிடம் குருவானவர் உரிய வேளையில் வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை, அந்த இடத்தில் எழுத்து அவசரப்படுகிறது, எதையோ தாண்டிக் குதிக்கிறது, உண்மையில் அவர் வந்து சேர்ந்தாரா என்று கேட்டிருந்தார்.

வாசகர்களே, அவர் வந்து சேரவில்லை.

அந்தக் குருவானவன் நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலையொன்றில் உபதேசியார் வந்து, "சாமி, கிளைப் பங்குல அந்தப் பாட்டிக்கு முடியல. உங்கள கேக்கிறாங்க" என்றார். நாவலின் ஒன்பதாம் அதிகாரம் அன்று என் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மழையும் தூறத் தொடங்கியிருந்தது. "காலைத் திருப்பலி முடிஞ்சதும் வந்திடுறேன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன். அதிகாரத்தை முடித்தேன், நிறைவோடு உறங்கினேன். காலையில் அர்ச்சித்த எண்ணெயோடு போய்ச் சேர்ந்தபோது உடல் குளிர்ந்திருந்தது. உயிர் பிரிந்ததா இல்லையா என்ற ஐயம் இருந்தால் நோயில்பூசுதலை வழங்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை. இறந்தோர் மன்றாட்டைச் சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கதையில் மட்டும் மழையில் நனைந்து ஓடி, கடைசி மூச்சுக்கு முன் அவரை எட்டிப்பிடித்தேன். வாழ்க்கையில் செய்யாததை எழுத்தில் செய்து முடித்து, அதற்கொரு பாராட்டையும் எதிர்பார்த்துத் தபால்காரரின் வழியைப் பார்த்திருந்தேன். காட்கோவுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? நன்மையும் தீமையும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று அவர் மற்றவருடைய அதிகாரத்தைத் திருத்தச் சொன்னார். நானோ எனக்கு நானே காட்கோவாகி, என் அதிகாரத்தைத் தாளில் எழுதுமுன்னரே திருத்திவிட்டேன். என்னுடைய முதல் வடிவம் தொலையவில்லை. அது அந்தக் கிளைப் பங்கில், ஓர் ஓட்டுவீட்டில், மூதாட்டியின் மகளிடம் இருந்தது.

அடுத்த நாள் பிற்பகல் அங்கே போனேன். மகள் திண்ணையில் பனையோலை கிழித்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன்: மழையினாலன்று, எழுத்து வேலையினாலே அன்றிரவு வராமல் இருந்துவிட்டேன் என்றேன். அவர் கைவேலையை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, "அம்மாவுக்குத் தெரியும் சாமி. 'சாமி எழுதிக்கிட்டு இருப்பாரு, மறுபடி ஆள் அனுப்பித் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு அவுங்கதான் சொன்னாங்க" என்றார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சொம்பைக் கையில் வாங்கவும் எனக்குத் துணிவு வேண்டியிருந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது, "ஆண்டுத் திருப்பலிக்கு வாங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

இலாசரின் ஆண்டவர் பிந்தி வந்தார்; எனினும் அவர் வருகையால் கல்லறை திறந்தது. பிந்தி வருகிற அடியாருக்கு அந்த வல்லமை இல்லை. கல்லறைக்கு வெளியே நின்று, வந்தது பிந்தித்தான் என்று ஒப்புக்கொள்ளவும், வீட்டில் இருப்பவர்களின் மனத்தாங்கலைக் கேட்டுக்கொள்ளவுமே நம்மால் இயலும். ஆண்டவரும்கூட முதலில் அவ்விரு சகோதரிகளின் முறைப்பாட்டையும் கேட்டார், அழுதார், அதற்குப் பின்னரே கல்லை அகற்றச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் மறையுரை ஆற்றியும் அந்த வரிசை முறையை நான் கவனித்ததில்லை.

கதையை மீண்டும் எழுதினேன். மகளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர் இசைந்த பிறகே அனுப்பினேன். இப்போது குருவானவர் காலையில்தான் வருகிறார். எண்ணெய் பயன்படாமல் திரும்புகிறது. இதழாசிரியர் என்ன எழுதுவாரோ தெரியாது. மீண்டும் காத்திருக்கிறேன். நாவலின் பன்னிரண்டாம் அதிகாரத்தையும் தொடங்கியிருக்கிறேன். சென்ற செவ்வாய் இரவு அதில் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, கீழத்தெருவில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் என்று ஆள் வந்தது. எழுதுகோலை மூடியும் வைக்காமல் எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தபோது மை உலர்ந்திருந்தது. அந்த வாக்கியம் எப்படி முடியவிருந்தது என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.