ஊஃபர் இருக்கும் இடம் தெரியக் கூடாது

சப்-ஊஃபர் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பவரிடம் அந்தப் பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், அவரால் கை காட்ட முடியக் கூடாது. எங்கள் களமருதூரில் இதைச் சொன்னால் யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. காசு போட்டு வாங்கியிருக்கிறோம், எட்டு அங்குல ஸ்பீக்கர், முன்னால் நீல விளக்கு வேறு. இருப்பதே தெரியக் கூடாது என்றால் எதற்கு வாங்குவது என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தாழ்ந்த ஒலியின் மேல் இருக்கும் ஆசை ஆம்ப்ளிஃபயரோடு வந்ததல்ல. அம்மன் கோயில் திருவிழாவில் பம்பை அடித்தால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவார், தட்டிப் பார்த்துக் கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடியும் தட்டுவார். தோல் வேண்டிய அளவுக்கு இறங்கிப் பேசும்வரை விட மாட்டார். ஊஃபரின் பின்னால் இருக்கும் கெயின் திருகைத் தொடுகிற கைக்கும் அந்தப் பொறுமை வேண்டும். நடப்பது வேறு. கல்யாண மைக் செட்டில் அடுக்கி வைத்த பெட்டிகள் தரை அதிரப் பாடுவதைக் கேட்டுவிட்டு, அதே அதிர்வை வீட்டு ஹாலில் எதிர்பார்த்து, வாங்கிய அன்றே திருகைக் கடைசிவரை திருப்பிவிடுகிறார்கள்.

இதில் அடிபடுவது பாட்டு. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, பேஸ் கிதாரை வெறும் தாளத் துணையாக விடவில்லை. பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிதார் கீழே தனியாக ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு போகும். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) பாடல்களை நல்ல செட்டில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பேஸ் கிதாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு, அதாவது 41 ஹெர்ட்ஸ். நான்கு அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. செல்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, நாற்பது வருஷமாகக் கேட்ட பாட்டில் பாதியைக் கேட்காமலே இருந்திருக்கிறோம். அந்தப் பாதியைக் காட்டத்தான் ஊஃபர். அளவுக்கு மேல் ஏற்றினாலோ அத்தனை ஸ்வரமும் ஒரே ‘டொம் டொம்’ ஆகிவிடுகிறது. இதைக் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே மனசு வலிக்கிறது.

களமருதூரில் சித்தப்பா புதிதாகத் தளம் போட்ட வீடு கட்டி, ஹாலுக்கு ஒரு செட் வாங்கினார். ஊஃபரை வாசல் மூலையில் வைத்திருந்தார். நான் போனபோது வீட்டில் இரண்டு வழக்கு. ஹாலுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் சித்தப்பா, “ஏம்பா, இவ்ளோ காசு குடுத்து வாங்குனேன், ஒண்ணுமே கேக்கலியே” என்கிறார். சுவரோரக் கட்டிலில் படுத்திருக்கும் ஆயா, “அத நிறுத்துடா, நெஞ்ச அடைக்குது” என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், நம் கணக்கில் 28 அடி. சித்தப்பாவின் ஹால் நீளம் 14 அடி, அலையில் சரிபாதி. அப்படி அமைந்துவிட்டால் இரண்டு சுவருக்கும் இடையில் அலை போய்த் திரும்பித் தன் மேலேயே ஏறிக்கொள்ளும். சுவரோரத்தில் அது பெருத்துவிடும், நட்டநடுவில் கிட்டத்தட்டச் செத்துவிடும். மூலையில் வைத்த ஊஃபர் இதை இன்னும் கிளப்பிவிடும். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஓட்டிடுக்கிலும் திறந்த முற்றத்திலும் பேஸ் பாதி வெளியேறிவிடும். கான்கிரீட் எதையும் வெளியே விடுவதில்லை.

முதலில் நாற்காலியை நடுவிலிருந்து பின்னுக்குத் தள்ளினேன். அப்புறம் நாற்காலியை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஊஃபரைத் தூக்கி வைத்து, பேஸ் கிதார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குந்திக் குந்தி நகர்ந்து காதைத் தரைப்பக்கம் வைத்துக் கேட்டேன். கேட்கும் இடமும் ஒலிக்கும் இடமும் மாறிக்கொண்டாலும் பலன் ஒன்றுதான் என்பதால் இந்த வழி செல்லும். ஓரிடத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் முட்டிக்கொண்டு வந்தது. இன்னோர் இடத்தில் சில ஸ்வரம் காணாமலே போனது. பீரோவைத் தாண்டி சன்னல் ஓரத்தில்தான் எல்லாம் ஒரே அளவாக நடந்தது. ஊஃபர் அங்கே போனது. ஆயாவின் கட்டிலை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. பரண் மேல் எவர்சில்வர் அண்டா ஒன்று கூடவே ஒத்துப் பாடிக்கொண்டிருந்தது. அடியில் சாக்கை மடித்துப் போட்டதும் அடங்கியது.

இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆம்ப்பில் சப்-அவுட் இருந்தால் ஒற்றைப் பின் வயர் போதும். ஊரில் அசெம்பிள் செய்த பழைய ஆம்ப்பில் அது இருக்காது. ஊஃபரில் ஸ்பீக்கர் வயர் செருகும் இடம் இருந்தால், ஸ்பீக்கருக்குப் போகும் அதே முனைகளிலிருந்து சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு எடுத்துக் கொடுக்கலாம். ஊஃபருக்குள் தனி ஆம்ப் இருக்கும் வகைக்குத்தான் இது பொருந்தும். வெறும் ஸ்பீக்கர் பெட்டியைக் கூடுதலாக அங்கே இணைத்தால் ஓம்ஸ் குறைந்து ஆம்ப் சூடாகிவிடும். இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், முதலில் டிவி செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறு அந்த வழியாக நுழைந்தால் ஊஃபர் அதை அப்படியே பெரிதாக்கிக் கொடுக்கும்.

ஊஃபர் எவ்வளவு மேலே பாடலாம் என்று வரையறுக்கும் கிராஸ்ஓவர் திருகுக்குச் செய்தி வாசிக்கும் ஆண் குரலைப் போடுங்கள். ஊஃபருக்குப் பக்கத்தில் காதை வைத்தால் வார்த்தை புரிகிறதா? அப்படியானால் திருகு மேலே இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வார்த்தை கரைந்து வெறும் முனகலாகும்வரை இறக்க வேண்டும். அடுத்தது ஃபேஸ் சுவிட்ச். ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் 0, 180 என்று மாற்றிப் போட, எதில் பேஸ் நிறைந்து வருகிறதோ அதில் விட்டுவிடலாம். கெயினை எப்போதும் கடைசியில், சுழியிலிருந்து ஏற்றுங்கள். ஊஃபர் பாடுவது தனியாகக் காதில் விழுந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான பேலன்ஸுக்கு நான் நம்புவது பழைய மோனோ பாட்டுகளை. தமிழ்ப் படப் பாட்டு ஸ்டீரியோவுக்குப் போனது 1978இல் ‘ப்ரியா’வோடு. அதற்கு முந்தைய விஸ்வநாதன், கே.வி. மகாதேவன் பாட்டுகள் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றேதான் பாடும். ஆகவே குரல் சரியாக நடுவில், இரண்டு பெட்டிக்கும் இடையில் ஆளே இல்லாத இடத்தில் வந்து நிற்க வேண்டும். இந்த வித்தையைத்தான் 1931இல் பொறியாளர் ஆலன் பிளம்லைன் லண்டனில் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். பழைய பாட்டைப் பிரித்து ‘ஸ்டீரியோ’ என்று போட்டு வருவதை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது.

குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க இழுபட்டு, பேஸும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறியிருக்கிறது. வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, நுனியில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் போதும். பிளஸ் சரியாக இருந்தால் அந்த ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் துள்ளும், மாறியிருந்தால் உள்ளே போகும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே பேலன்ஸ் திருகைத் தொடாதீர்கள். ஒரு கயிற்றால் நாற்காலிக்கும் இரண்டு பெட்டிக்கும் உள்ள தூரத்தை அளந்து சமமாக்குங்கள். ஓரடி குறைந்தால் அந்தப் பக்கத்து ஒலி சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி முந்தி வருகிறது. காது முந்தி வந்த பக்கம்தான் திரும்பும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த கதவும் இருக்கிற ஹாலில் மிச்சமாகும் சாய்வைத் தீர்க்கத்தான் அந்தத் திருகு.

இப்போது சித்தப்பா மகன் தன் அறைக்கும் ஒரு ஊஃபர் கேட்கிறான். அந்த அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயானால் மூன்றும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸையே தூக்கும்; எங்கே நகர்த்தி வைத்தாலும் அந்த ஒரு ஸ்வரம் மற்றதை மூடிவிடும். அங்கே ஊஃபர் வேண்டாம், ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும், பெட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வை என்று சொல்லியிருக்கிறேன்.