மாமியோடு மாமல்லபுரம்

 

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று இப்பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தாரிடம், "மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிச் சுற்றுலாவில் போனதாகப் பிள்ளைகள் சொல்வார்கள். வெளியூர் விருந்தினர் வந்தபோது அழைத்துச் சென்று, கடலில் கால் நனைத்துத் திரும்பியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஊர் அது. உலகின் மறுகோடியிலிருந்து மக்கள் விமானமேறி வருகிறார்கள். நமக்கோ அது பக்கத்து ஊர். ஆதலால் பார்க்காத ஊர்.

எங்கள் வீட்டில் இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் மாமியார் கீழக்கரையைச் சேர்ந்தவர். விடுமுறை நாளில் போய்வரலாம் என்று நான் பேச்செடுத்தபோது, "சிலையும் கோயிலுமாக் கிடக்கிற ஊர்ல நமக்கு என்னம்மா வேலை?" என்றார். உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கக்கூடும். "வணங்கப் போகலை உம்மா, பார்க்கத்தான் போறோம்" என்றார் என் கணவர். மாமிக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. ஆயினும் பேரப்பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமின்றி உடன் வந்தார்.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் நாங்கள் நின்றது அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன். அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் சிலர். அறிஞர்களின் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தெருவோரத்திலேயே இருப்பதால் அதைப் பார்க்கக் கட்டணமில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரு பெரும் பாறைகள். நடுவே இயற்கையாய் அமைந்த ஒரு பிளவு. தேவர்களையும் முனிவர்களையும் வழிகாட்டிகள் விளக்கிக்கொண்டிருக்க, என் பிள்ளைகளின் கண்கள் வேறிடத்தில் நின்றன. ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றித் திரிகின்றன! அருகே யானைகள், ஏறக்குறைய உயிருள்ள யானையின் அளவில். தாயின் கால்களுக்கிடையே குட்டிகள். மற்றோரிடத்தில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பக்கத்திலுள்ள மண்டபத்தில் ஒருவர் பசுவைக் கறக்கிறார். பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒருவன் பசுவையும் மானையும் இத்தனை பொறுமையோடு பார்த்திருக்கிறானே! அதுவரை விலகியே நின்ற மாமி, அந்தப் பசுவின் முன் வந்து நின்று, "நாக்கைப் பாரு" என்றார்.

ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு. 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் ஆனவை. கல் மேல் கல் வைத்துக் கட்டியவை அல்ல. பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வந்திருக்கிறார்கள். ஆகவேதான் மேற்பகுதி நகாசு வேலையோடு முடிந்திருக்க, அடிப்பகுதி கரடாகவே நின்றுவிட்டது. எந்த ரதமும் முற்றுப்பெறவில்லை. உளி ஏன் நின்றது என்று உறுதியாகச் சொல்வார் யாருமில்லை. எனக்கென்னவோ முடிந்த பகுதியைவிட முடியாத பகுதியே அதிகம் பேசுவதாகத் தோன்றியது. பாறையைப் பிளக்க வரிசையாகத் துளையிட்ட அடையாளங்கள் ஊரெங்கும் கிடக்கின்றன. நேற்று மாலை வேலையை நிறுத்திவிட்டுப் போனவர்கள் இன்று காலை வந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

கடற்கரைக் கோயில் செதுக்கியதன்று. வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. இராசசிம்ம பல்லவன் காலத்தது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். உப்புக்காற்று அதன் உருவங்களின் முகங்களை மழுக்கிவிட்டது. காற்றின் வேகத்தைக் குறைக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். கல்லுக்குள் ஏறிய உப்பை எடுக்க, நனைத்த காகிதக்கூழைப் பூசி உரித்தெடுக்கும் முறையையும் கையாள்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கோயில் நின்றது. அலை அரித்த மணல், சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு கல்வெட்டை வெளிக்காட்ட, 2005இல் அங்கே அகழ்ந்தபோது செங்கல்லாலான பழைய முருகன் கோயிலொன்று வெளிப்பட்டது.

இனி, வருத்தங்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோதே பத்தரை மணி. பதினோரு மணிக்குமேல் கருங்கல் அடுப்பாகிவிடுகிறது. நிழலுக்கு ஒதுங்க இடம் குறைவு. புர்கா அணிந்து மணலில் நடக்கும் பெண்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? பாசிமணி, கறுப்புக் கண்ணாடி, தொப்பி என்று விற்போர் அடிக்கொருவராய்ச் சூழ்கிறார்கள். அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் ஒரு சிற்பத்தின் முன் இரண்டு நிமிடம் அமைதியாக நிற்க நமக்கும் உரிமையுண்டல்லவா? நாங்கள் அமர்த்திய வழிகாட்டி, பாண்டவர்கள் இந்த ரதங்களில் குடியிருந்ததாகக் கதை அளந்தார். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் இட்டு வழங்கியவை. ரதங்களை எழுப்பியவர்கள் இட்டவை அல்ல.

எல்லாவற்றையும்விட நெஞ்சைச் சுட்டது, கல்லில் ஆணியால் கீறப்பட்ட பெயர்கள். எந்த வெளிநாட்டாரும் தமிழில் தம் பெயரைக் கீறிவிட்டுப் போகமாட்டார். நம் பெயர்களும் அவற்றிடையே இருந்தன என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

கூட்டத்தின் தொல்லை இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் ஜப்பானின் தலைநகராயிருந்த கியோட்டோ நகரில், கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதையே 2024இல் தடைசெய்துவிட்டார்கள். பழைய ஊர்கள் தம்மைப் பார்க்க வருவோரிடமிருந்தே தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய காலமிது.

லுஹர் நேரம் வந்தது. கஸ்ரு செய்து தொழும் தொலைவுமில்லை. வீடு திரும்பும்வரை காத்திருக்கவும் முடியாது. சாலையோரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் தண்ணீர் கேட்டோம். அங்கிருந்த பெரியவர் எங்கள் தேவையைக் கேட்டறிந்து, சிலைகள் இல்லாத பின்கட்டைக் கூட்டச் சொல்லி, ஒரு பாயையும் தந்தார். கிப்லாவுக்குத் திசைகாட்டி தேவைப்படவில்லை. கிழக்கே கிடந்த கடலுக்கு முதுகு காட்டினாலே ஏறக்குறைய அத்திசைதான்.

தொழுது முடித்து வெளியே வந்தபோது, ஓர் இளைஞர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தூண் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கல்தூசி மாவுபோல் பறந்தது. தூணில் உருவம் ஏதுமில்லை, பூவும் கொடியுமே. மாமி அங்கேயே நின்றுவிட்டார். "எங்க ஊர்ப் பள்ளித் தூணு மாதிரியே இருக்கு" என்றார். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆ பள்ளிவாசலைத்தான் சொன்னார். சிறு வயதில் தம் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த கருங்கல் தூண்கள். அந்தப் பள்ளிவாசலில் மினாராவையும் குவிமாடத்தையும்விட முதலில் கண்ணில் படுவது தமிழ்நாட்டுக் கல்வேலைதான். உருவங்களை விலக்கிவிட்டு, பூக்களையும் கொடிகளையும் வைத்துக்கொண்டு, இந்த மண்ணின் கல்தச்சர் மரபில் நம் முன்னோர் எழுப்பிக்கொண்ட இறையில்லம். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் இந்தக் கைவண்ணத்தைக் காணலாம். காலையில் மாமி கேட்ட கேள்விக்கு நானும் என் கணவரும் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை அவரே தேடி எடுத்துக்கொண்டார்.

நீங்கள் போவதானால், காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று கல்லைக் காண இயலாது, தலைகளைத்தான் காணலாம். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறுமுன் ரதங்களை முடித்துவிடுங்கள். குடிநீரும் பகலுணவும் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளைகளிடம் முதலில் பூனையைத் தேடச் சொல்லுங்கள்.

மாமி அந்தக் கூடத்தில் ஒரு சிறிய அம்மியைப் பேரம்பேசி வாங்கினார். பேருந்தில் அது என் காலடியில்தான் கிடந்தது. வளைவுதோறும் நகர்ந்து வந்து என் பாதத்தை இடிக்க, "பத்திரம்மா, கல்லு உடைஞ்சிடப் போகுது" என்றார் மாமி.