கடுக்காய்ச் சாறும் எச்.டி.-29 செல்லும்

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள். முன்பாதியில் ஒரு மூலிகை இருக்கும், பின்பாதியில் ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு புற்றுநோய் செல் லைன் இருக்கும். மூலிகை ஆண்டுக்கு ஆண்டு மாறும், செல் மாறாது. பெருங்குடல் புற்றுநோய் என்றால் எச்.டி.-29, அது கிடைக்காவிட்டால் எச்.சி.டி.-116. அமிர்திக் காடும் அதன் பின்னால் ஜவ்வாது மலையும் இருக்கும்போது மூலிகைக்கு என்ன பஞ்சம்? பிள்ளைகளின் பையில் அதிகம் வந்து சேர்வது கடுக்காய்.

நான் செல் வளர்க்கிறவன். கடுக்காய் மேல் எனக்குக் கோபம் இல்லை, வீட்டில் சாப்பிடுகிறோம். அதை நேராகச் செல்லின் மேல் ஊற்றிவிட்டு ‘புற்றைக் கொன்றது’ என்று எழுதுவதில்தான் எனக்குத் தகராறு.

எச்.டி.-29 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல பிள்ளைகள் ‘புனே’ என்பார்கள். புனேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையம் நமக்கு அனுப்பித் தருகிறது, அவ்வளவுதான். 1964இல் 44 வயது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் குடல் கட்டியிலிருந்து யோர்கன் ஃபோ பிரித்தெடுத்த செல் அது. மைக்ரோஸ்கோப்பில் தீவு தீவாகத் தெரியும். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் வளரும். செல்களைப் பிரிக்கும் ட்ரிப்சின் நொதியை விட்டாலும் சட்டென்று பிரியாது. தீவுகளுக்கு நடுவே இன்னும் இடம் இருக்கும்போதே பிரித்து மாற்றிவிட வேண்டும். செல் வளரும் மீடியத்தின் சிவப்பு மஞ்சளாகிவிட்ட பிளாஸ்கிலிருந்து எடுத்த செல்லை வைத்து எந்த மருந்தையும் சோதிக்கக் கூடாது.

இனி கடுக்காய்க்கு வருவோம். கடுக்காய் என்றால் டானின், துவர்ப்பு முழுக்க அதுதான். சீரம் கலந்த மீடியத்தில் கடுக்காய்ச் சாற்றைச் சொட்டிப் பாருங்கள்: தெளிவாக இருந்தது லேசாகக் கலங்கும். டானின் அங்கேயே சீரத்தின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அந்த நொடியிலிருந்தே தெரியாமல் போகிறது.

ஆம்பூரில் டேனரியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “இன்னாப்பா இது, ஆட்டுத் தோலையே பதம் பண்ற சரக்கு. உன் செல்லு மட்டும் தாங்குமா?” குரோமியம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இந்தப் பக்கத்துத் தோலைப் பதனிட்டன. தோலின் புரத இழைகளை டானின் பிணைப்பதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. அதே வேலையைச் செல் வளரும் பிளேட்டின் குழிக்குள்ளும் அது செய்யும். அதற்குப் புற்றுச் செல், நல்ல செல் என்ற பேதம் கிடையாது.

கலங்கல் ஒரு தொல்லை என்றால் எம்.டி.டி. சோதனை இன்னொரு தொல்லை. 1983இல் மோஸ்மன் கொண்டுவந்த முறை இது. உயிருள்ள செல் மஞ்சள் எம்.டி.டி.யை ஊதாப் படிகமாக்கும்; அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்போம். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. ஆனால் செல்லே இல்லாத குழியில் கடுக்காய்ச் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் விட்டாலும் ஊதா வரும். டானினே அந்த வேலையைச் செய்துவிடும். எதிர்த் திசையிலும் ஏமாற்றும்: இந்த வகைப் பொருட்கள் மீடியத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். செல் செத்தது நிஜம், கொன்றது பெராக்சைடு. ஆகவே என் மேசைக்கு வருகிற பிளேட்டில் செல் இல்லாத ஒரு வரிசையும் பெராக்சைடை உடைக்கும் காட்டலேஸ் சேர்த்த ஒரு வரிசையும் இருந்தே ஆக வேண்டும். காட்டலேஸ் விட்டதும் செல் பிழைத்துக்கொண்டால் அந்தத் தலைப்பை அங்கேயே மூடிவைக்கலாம்.

இவ்வளவையும் தாண்டி வந்தாலும் பிளேட் குடலாகிவிடாது. நாம் விழுங்கும் கடுக்காயின் டானினைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் செல்கள் பெரும்பாலும் சந்திப்பது அந்த உடைந்த பொருட்களைத்தான். பிளேட்டில் பாக்டீரியா நுழைந்தால் நாம் பிளேட்டையே தூக்கி எறிகிறோம்!

செடியிலிருந்து மருந்தே வராது என்று சொல்ல வரவில்லை. பெருங்குடல் புற்றுக்கு இன்று கொடுக்கும் இரினோடிகான், கேம்ப்டோதெசின் என்ற செடிப்பொருளிலிருந்து செய்தது. அந்தப் பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மரத்திலும் உண்டு. ஆனால் இரினோடிகானை அப்படியே செல்லின் மேல் விட்டால் பலன் சுமார்தான். உடம்புக்குள் அது எஸ்.என்.-38 ஆக மாறிய பிறகுதான் வீரியம் வருகிறது. நோயாளியைப் படுத்தும் வயிற்றுப்போக்கில் குடல் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு. இது எதையும் எச்.டி.-29 சொல்லாது.

எலியும் முழுப் பதில் தருவதில்லை. ஏ.பி.சி. மரபணு பழுதான ‘மின்’ எலி 1990இல் வந்தது; மனிதப் பெருங்குடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பழுதாவதும் அதே மரபணுதான். எலிக்கோ கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில் வருகின்றன.

எனக்கு ஆசை ஆர்கனாய்டு மேல். 2009இல் சாட்டோவும் கிளெவர்சும் எலிக் குடலின் ஒரே ஒரு தண்டுச் செல்லிலிருந்து மடிப்பும் குழியுமாகக் குட்டிக் குடலையே வளர்த்துக் காட்டினார்கள். 2011இல் மனிதக் குடல் கட்டியிலிருந்தும் வளர்த்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டில் பலிக்காத மருந்து ஒன்றுகூட அந்த நோயாளிக்குப் பலிக்கவில்லை. அதில் பலித்தவற்றில் 88 விழுக்காடு நோயாளிக்கும் பலித்தன. மேற்கத்திய நாடுகளைவிட இங்கே பெருங்குடல் புற்றுநோய் குறைவு. ஆனால் வருகிறவர்களில் இளவயதினர் அதிகம், சிக்னெட் ரிங் என்ற புற்று வகையும் அதிகம். அவர்களுக்காக 1964இன் பெண்மணியையே எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது?

செலவு கடுமைதான். செல்லைத் தாங்கும் ஜெல் எலிக்கட்டியிலிருந்து எடுப்பது. குளிரில் நீராக இருக்கும், கைச்சூடு பட்டால் இறுகும். பிப்பெட் முனையைக்கூட ஃப்ரீசரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதே நோயாளியின் கட்டியிலிருந்து ஒன்றும் நல்ல குடலிலிருந்து ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால்தான், கொன்றது புற்றை மட்டுமா என்பது தெரியும். அதிலும் நோய் எதிர்ப்புச் செல் கிடையாது. அந்தச் செல்லைத் தூண்டிவிட்டு வேலை செய்யும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்தை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. நோயாளியின் டி செல்லையும் கூடவே வளர்க்க வேண்டும். அதற்கு அறுவை அறையிலிருந்து இரண்டு துண்டுகளோடு ஒரு குழாய் ரத்தமும் வர வேண்டும்: துண்டுகள் ஐஸில், ரத்தம் ஐஸில்லாமல்.