பால்கனிக் கம்பி

நாவலூரில் என் வீடு பதினான்காம் மாடியில். விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம் அம்மா ஊரிலிருந்து வந்தார். மறுநாளே ஆள் பிடித்துப் பால்கனிக்குக் கம்பி அடித்தார். "புறா வருதுடி" என்றார். ஆறு வருடம் வராத புறா! இரவில் பால்கனிக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

திருகோணமலைக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது, "அங்க மலை இருக்கா?" பெயரிலேயே இருக்கிறது, என்ன செய்ய.

கொழும்பிலிருந்து இரவு ரயில். மலைகள் அணைத்த ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. அதற்காகப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக அடித்துக்கொண்டார்கள். 1622இல் போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். இன்று கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன. கோயில் மறுபடியும் பாறை உச்சியில் நிற்கிறது. பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். கட்டியவர்களின் மாமியார்களையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

பாறையின் ஒரு விளிம்புக்கு 'லவ்வர்ஸ் லீப்' என்று பெயர். ஆட்டோ அண்ணன் கதை சொன்னார். பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண். காதலன் கைவிட்டுக் கப்பலேறினான், இவள் இங்கிருந்து குதித்தாள். அவள் பெயர் பொறித்த தூண் ஒன்று உண்டு, ஆண்டு 1687. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தனியவா வந்தனீங்கள், தங்கச்சி?"

அறைக்குத் திரும்பித் தேடிப் படித்தேன். பிரான்சினா சாகவில்லை. அதற்குப் பிறகும் வாழ்ந்து, மணமும் செய்துகொண்டாள் என்று டச்சு ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் காலங்காலமாக அவளைத் தினமும் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைவிடப்பட்டவள் பிழைத்து, சமைத்து, சிரித்து, கிழவியானால் அது கதையாகாது போல. தீர்ப்புக்குப் பின் என்னிடம் "எப்படி இருக்கே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டவர்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மறுபடியும் அங்கே போனேன். கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறியது. ஓர் ஆமை தலையைத் தூக்கிவிட்டு உள்ளே போனது. வெகுநேரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது, உயரத்தைப் பார்த்து எவருக்கும் வரும் பயம்.

அம்மா கூப்பிட்டார். "எங்க நிக்கறே?"

சொன்னேன். மறுமுனையில் மூச்சு நின்றது. பிரான்சினாவின் கதையைச் சொன்னேன், ஆவணத்தில் இருப்பதையும் சேர்த்து.

"சாகலையா?"

"இல்லம்மா."

சற்று நேரம் பேச்சில்லை. "ரெண்டாவதா வந்தவன் எப்படியாம்?"

"அதை எழுதி வைக்கலை."

"அதைத்தானே முதல்ல எழுதணும்" என்றார் அம்மா.