கிளிகளுடன் நெல்லைப் பயணம்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் கிளி வளர்ப்பது புதிய வழக்கமன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழு பேர் படுத்துறங்கும் வீட்டிலும் வாயிற்படிக்கு மேலே ஒரு கூடு தொங்குவதைக் காணலாம். ஆடு மாடு வளர்த்துப் பழகிய மக்கள் இந்நகருக்கு வந்தபின், இடநெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு உயரத்தில் தொங்கச் சம்மதித்த உயிர் கிளி ஒன்றுதான். ஆயின், குடும்பம் பெயர்ந்து ஊர் திரும்பும் நாள் வரும்போது கிளிக்கு என்ன வழி என்னும் கேள்வி எழுகின்றது. வேலையில் ஓய்வு பெற்றவர்களும், தாராவி மறுசீரமைப்பை முன்னிட்டு ஊருக்கே போய்விடலாம் என எண்ணுவோரும் இப்போது நம்மிடையே பலர் உளர். பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிவிடலாம். உயிருள்ள பறவையை அங்ஙனம் ஏற்றிவிட முடியுமா?

எங்கள் தெருவில் குடியிருந்த அண்ணாச்சி ஒருவர் 2024 தீபாவளி கழிந்தபின் குடும்பத்துடன் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள தம் சிற்றூருக்குக் காரில் திரும்பினார். விடியற்காலையில் இட்டிலி அவித்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் தொழிலை முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியவர். வழியில் கன்னடமும் இந்தியும் பேச ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் உடன் அழைத்தார். எனக்கும் விடுப்பு மீதமிருந்தது. அப்பயணத்திற் கண்டறிந்தவற்றை, ஊர் திரும்பும் பிறருக்கும் உதவுமென்று எழுதுகின்றேன்.

அவர் வீட்டில் மூன்று பறவைகள் இருந்தன. இரண்டு காக்டெய்ல் பறவைகள், பேர்த்தி வளர்த்தவை. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் சாம்பல் நிற உடலும், தலையிற் கொண்டையும், கன்னத்தில் குங்குமப் பொட்டு வைத்தாற்போன்ற செந்நிறமும் உடையது. மூன்றாவது, மணி என்று பெயரிடப்பட்ட பச்சைக்கிளி. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்து மரப்பொந்திலிருந்து விழுந்த குஞ்சை அண்ணாச்சியே எடுத்து வந்து வளர்த்தார். காலையில் அவர் தோளில் அமர்ந்து இட்டிலி தின்னும். "ஏலே, வெள்ளம் கொண்டா" என்று நெல்லைத் தமிழில் ஏவும். மராத்தியிலும் இரண்டொரு சொல் அறியும்.

சிக்கல் இந்த மணியிடத்தில்தான். நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாட்டுப் பறவைகளின் வாணிகம் 1991-இலேயே தடை செய்யப்பட்டது. 2022-இல் செய்த திருத்தத்திற்குப் பின்னர் பச்சைக்கிளி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. விலைக்கு வாங்கினாலும், கீழே விழுந்ததைக் கருணையால் எடுத்து வளர்த்தாலும், கூட்டில் அடைத்து வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர்த் தொகுதியில் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று சீட்டெடுத்துச் சொன்ன கிளி சோதிடரை வனத்துறையினர் பிடித்துச் சென்று, கிளிகளைப் பறிமுதல் செய்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். வீட்டு வாயிலில் தொங்கும்வரை எவரும் கேளாதிருக்கலாம். மூன்று மாநிலங்களின் சாலையில் 1600 கிலோமீட்டர் கொண்டு செல்லும்போது அவ்வாறு எண்ண முடியாது. காக்டெய்ல் போன்ற அயல்நாட்டுச் சிறு பறவைகளுக்கு இத்தடை இல்லை. சன் கான்யூர், மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி முதலியவற்றை வளர்ப்போர் மட்டும் 2024-இல் வெளியான விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

இதனை அண்ணாச்சியிடம் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. "ஏழு வருசமா எந்தோள்ல உக்காந்து தின்ன பிள்ளைய, ஆபீசருக்குக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியளா தம்பி?" என்றார். நான் பதில் பேசவில்லை. கூட்டைத் துணியால் மூடி, சாமான்களுக்கு நடுவில் மறைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். காற்றின்றி, வெளிச்சமின்றி, பெட்டிகளுக்கு நடுவே நான்கு நாள் கிடந்தால் கிளி உயிருடன் ஊர் சேருமா என்பதை அவர் எண்ணவில்லை. அதனைக் கேட்ட மதினிதான், "பொணத்தையா கொண்டு போகப் போறிய?" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

மகாராஷ்டிர வனத்துறைக்கு 1926 என்னும் தொலைபேசி எண் இருக்கின்றது. அழைத்தோம். இரண்டு நாளில் வனக்காவலர் ஒருவர் வந்தார். தாமாகவே ஒப்படைத்ததனால் எங்கள்மீது வழக்கு எதுவும் எழுதவில்லை; கண்ணியமாகவே பேசினார். மனிதரிடம் வளர்ந்த கிளியை உடனே பறக்கவிட்டால் காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். ஆகவே பெரிய கூண்டில் பிற கிளிகளுடன் சேர்த்து, சிறகுக்கு வலுவேற்றி, இரை தேடப் பழக்கிய பிறகே விடுவோம் என்று விளக்கினார். அண்ணாச்சி அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே இரண்டு இட்டிலி. காவலர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டதை நான் மதிக்கின்றேன்.

இனிக் காக்டெய்ல் பறவைகளின் ஆயத்தம். இதற்கு மூன்று வாரமேனும் வேண்டும். முதலில் பரேலில் உள்ள விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். 1880-களில் நிறுவப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை அது. சங்கராந்தி நாட்களில் பட்டத்து மாஞ்சாக் கயிற்றில் சிறகறுந்த பறவைகளை மக்கள் அங்கே கொண்டு வருவர். மருத்துவர் பறவைகளைச் சோதித்து உடல்நலச் சான்று எழுதித் தந்தார். பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலங்கடந்திருக்கும். ஆதலால் சமையலறைத் தராசில் அன்றாடம் நிறுத்துப் பார்க்கும்படி சொன்னார். முத்து 92 கிராம், ராணி 87 கிராம். நூறு கிராமுக்கும் குறைந்த இந்த உயிர்களுக்கு ஐந்தாறு கிராம் இழப்பு என்பது, நம்மில் ஒருவர் நான்கு கிலோ திடீரென இளைப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டில் தொங்கும் பெரிய கூடு பயணத்துக்கு உதவாது. சாலைக் குழியில் வண்டி குதிக்கும்போது பறவை அங்குமிங்கும் அடிபட்டுச் சிறகு முறிக்கும். கைப்பிடியுடைய சிறிய, உறுதியான கூடு ஒன்று கிராபர்ட் மார்க்கெட்டில் வாங்கினோம். ஊஞ்சல், மணி, கண்ணாடி அனைத்தையும் நீக்கி, ஒரேயொரு தண்டை அடித்தட்டுக்கு நெருக்கமாகத் தாழ்த்திக் கட்டி, கால் வழுக்காதபடி பருத்தித் துணி சுற்றினோம். பிறகு அக்கூட்டை ஒரு வாரம் வீட்டிலேயே திறந்து வைத்து, உள்ளே தினை தூவினோம். தினை கண்ட இடத்தில் கிளி தானே நுழையும். தினைப்புனத்தில் கிளியோட்டிய வள்ளி நாச்சியாரைக் கேட்டால் சொல்லுவாள்!

அடுத்து வண்டியிற் பழக்குதல். முதல் நாள் நிற்கும் காரில் பத்து நிமிடம். மறுநாள் தொண்ணூறடிச் சாலையில் ஒரு சுற்று. பின்பு செம்பூர் செட்டாநகர் முருகன் கோயில் வரை. மூன்றாம் ஓட்டத்தில் ராணி தின்றதைக் கக்கிற்று. பறவைக்கும் பயண மயக்கம் உண்டு என்று அன்றுதான் அறிந்தோம். புறப்படுவதற்கு முன் இரையைக் குறைத்து, கூட்டின் மூன்று பக்கமும் மெல்லிய துணியால் மறைத்து, ஓடும் மரங்கள் கண்ணிற் படாதவாறு செய்தபின் அது நின்றது. காரினுள் தொங்கவிடும் வாசனைப் பொருள்களைக் கட்டாயம் அகற்ற வேண்டும். ஊதுபத்தி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள், அளவுக்கு மீறிக் காய்ந்த ஒட்டாத வாணலியின் புகை ஆகியவை நமக்குச் சிறு தொல்லையாகவே தோன்றும். பறவையின் நுரையீரலுக்கோ பெருந்தீங்கு. புறப்படும் காலையில் மதினி வண்டிக்குச் சூடங் காட்ட விரும்பினார். கூட்டை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, புகை அடங்கியபின் ஏற்றினோம். சாத்திரமும் நின்றது, கிளியும் பிழைத்தது.

இரயில்வேயில் எழுத்தனாக இருந்துகொண்டு காரைப் பரிந்துரைக்கலாமா என்று நண்பர்கள் கேலி செய்தனர். சரக்குப் பெட்டியில் கூட்டை ஏற்றிவிட்டால் அதன் அருகில் நாம் இருக்க இயலாது. அது ஒன்றே என் காரணம்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வீதம் நான்கு பகல் என்று வகுத்தோம். இரவு தங்கல் கோலாப்பூர், சித்திரதுர்கா, சேலம். விடியுமுன் புறப்பட்டு, பிற்பகல் வெயில் முதிரும்போது விடுதி சேர்ந்துவிடுவது. கூட்டைப் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டையால் இறுக்கிக் கட்டினோம். முன்னிருக்கையில் காற்றுப்பை விரிந்தால் பறவை நசுங்கும். குளிர்காற்றுத் துளை நேரே படாதபடி திருப்பி வைத்தோம். தண்ணீர்க் கிண்ணம் ஓடும்போது கவிழ்ந்து கூட்டை நனைக்குமாதலால், வெள்ளரித் துண்டும் திராட்சையும் கொடுத்து, நிறுத்துமிடந்தோறும் தண்ணீர் காட்டினோம். இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்தம். நின்ற காரில் பறவையை விட்டு அனைவரும் தேநீர் குடிக்கப் போவது கூடவே கூடாது. கண்ணாடி மூடிய வண்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். பறவைக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து, சிறகை அகற்றி மூச்சு வாங்கினால் வெப்பம் மிஞ்சியதென்று கொள்க.

முதல் நாள் கண்டாளா மலைச்சாலையும் புணேயும் சாத்தாராவும் கடந்து கோலாப்பூர் சேர்ந்தோம். முத்து நண்பகல்வரை இரை தொடவில்லை. இரவு விடுதி அறையில் மின்விசிறியை நிறுத்தி, சிறு விளக்கு ஒன்று எரியவிட்டோம். காக்டெய்லுக்கு இருட்டில் திடீர்த் திகில் கொண்டு கூட்டில் மோதிக்கொள்ளும் குணம் உண்டு.

மறுநாள் காலை கோக்னோளி எல்லையில் வண்டி மறிக்கப்பட்டது. மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் நவம்பர் 20 ஆதலால் பணம் கடத்துவோரைத் தேடிச் சோதனை பலமாயிருந்தது. காவலர் துணியை விலக்கி, "போபட்?" என்றார். பச்சைக்கிளி அன்று என்பதை விளக்கி, மருத்துவர் சான்றைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, கொண்டையைக் கண்டு சிரித்து, போகலாம் என்றார். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெலகாவி தாண்டும்வரை வண்டியில் எவரும் வாய்திறக்கவில்லை.

ஹரிஹரில் துங்கபத்திரையைக் கண்டபின்பே பேச்சு எழுந்தது. சித்திரதுர்காவின் குன்றுகளில் காற்றாலைகள் சுழல்வதை முத்து கழுத்தைச் சாய்த்து நெடுநேரம் நோக்கிற்று. மூன்றாம் நாள் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஓசூர் வந்து, தமிழ்ப் பலகைகளைக் கண்டதும் பேர்த்தி கைதட்டினாள். தொப்பூர் இறக்கத்தில் ஓட்டுநர் மிக மெதுவாக வந்தார். லாரிகள் தடம் புரளும் பொல்லாத இறக்கம் அது.

நான்காம் நாள் மதுரையில் மதினிக்கு மீனாட்சியம்மனைத் தரிசிக்க விருப்பம். கூட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோகவும் இயலாது, வண்டியில் விடவும் இயலாது. பெண்கள் உள்ளே செல்ல, அண்ணாச்சியும் நானும் நிழலில் கூட்டுடன் அமர்ந்தோம். அக்கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. முன்னாளில் அங்கே கிளிகளைக் கூட்டில் வளர்த்தனர். அதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அம்மன் கையில இருக்குத கிளிக்கு எவனும் கேஸ் போடலியே தம்பி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் உள்ளது இலையாற் கட்டும் கிளி, மாதுளம்பூவே அதன் மூக்கு, அன்றன்று புதிதாகச் செய்கிறார்கள் என்றேன். "அப்ப பறந்து போயிராதுல்லா" என்று சொல்லி, முத்துவுக்கு ஒரு திராட்சையை நறுக்கிக் கொடுத்தார். நான்கு நாட்களில் அவர் அப்பறவைகளுக்குத் தம் கையால் ஊட்டியது அதுவே முதல் முறை.

மாலையில் ஊர் சேர்ந்தோம். முதற்காரியமாகப் பறவைகளை நிறுத்தோம்: முத்து 88, ராணி 84. பழைய பெரிய கூடு லாரியில் முன்னரே வந்திருந்தது. அதனைப் பூனை எட்டாத உயரத்தில், சமையற் புகை வராத முற்றத்துத் தாழ்வாரத்தில் மாட்டி, இரண்டு நாள் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டோம். உணவை மாற்றவில்லை, மும்பையிலிருந்து கொண்டுவந்த தினையையே கொடுத்தோம். ஊர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்தோம். பத்தாம் நாள் பழைய எடை திரும்பிற்றென்று பேர்த்தி தொலைபேசியில் தெரிவித்தாள்.

அண்ணாச்சி ஞாயிறுதோறும் என்னை அழைக்கிறார். தாராவிச் செய்திகளைக் கேட்டபின் கடைசியாக மணியைப் பற்றிக் கேட்பார். ஒருமுறை வனக்காவலரைக் கேட்டறிந்து, மணி பெரிய கூண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறக்கிறதாம், இட்டிலியை மறந்து கொய்யா கொறிக்கிறதாம் என்று சொன்னேன். சற்று நேரம் அவரிடமிருந்து பேச்சில்லை. அவர் முற்றத்துப் பனைகளில் காட்டுக் கிளிகள் கத்துவது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு கேட்டார்: "அது ஏலேன்னு கூப்பிட்டா அந்தக் கிளியளுக்குப் புரியுமா தம்பி?"